கேள்வி கேட்டுக் காத்திருக்கும் எந்திரம்

நான் பார்த்துக்கொள்ளும் எந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது சந்தேகம் வந்தால் நின்றுவிடும். கேள்வியைத் திரையில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். விழுந்து நொறுங்காது, சத்தம் போடாது. ரத்துச் செய், திரும்பச் செய், கண்டுகொள்ளாமல் மேலே போ என்று மூன்று வழிகளைக் காட்டும். யாராவது ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், வேலை தொடரும். தட்ட ஆள் இல்லையென்றால் விடிந்தாலும் அடைந்தாலும் அதே இடத்தில் நிற்கும். தட்டும் ஆள் நான்தான். வேறு ஆள் இல்லை.

தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் பதுளை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்கிற செக்ரோல் கணக்கெல்லாம் எங்கள் தோட்டங்களிலிருந்து இந்த எந்திரத்துக்குத்தான் வந்து சேரும். வங்கிகளும் பெரிய வியாபாரங்களும் வைத்திருக்கும் வகை சேர்வர். இடுப்பு உயரக் கறுப்புப் பெட்டி, திரையில் பச்சை எழுத்து. அதன் நிரல்கள் எழுதப்பட்ட மொழி நான் பிறப்பதற்கு முன்பே பிறந்தது. கொழும்பிலிருந்து வரும் இளைய அதிகாரிகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். வருடக்கணக்கில் ஒரு நாள்கூடப் படுக்காத ஒன்றைப் பார்த்து, வாரத்துக்கு ஒரு முறை காய்ச்சல் வரும் மடிக்கணினிகளைச் சுமந்து வருகிறவர்கள் சிரிப்பதா?

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பளக் கணக்கு ஓடும். காலையில் தொடங்கினால் பின்னேரம்வரை ஓடும். ஒரு பெண்ணுக்குக் கொழுந்தின் நிறை இருக்கும், அன்றைக்கு அவள் வேலைக்கு வந்ததாகப் பேர் விழுந்திருக்காது. எந்திரம் நின்று கேட்கும். நான் அந்தத் தோட்டத்துக்குப் போன் போட்டு, விசாரித்து, திருத்தி, திரும்பச் செய் என்று தட்டுவேன். சில ஞாயிறுகளில் பத்துக் கேள்வி வரும், சிலவற்றில் ஒன்றுகூட வராது. வருமா வராதா என்று முன்கூட்டியே தெரியாததால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். என்னோடு இந்த எந்திரத்தைத் தெரிந்த ஒருவர் முன்பு இருந்தார். அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு அந்த ஞாயிறுகளில் கட்டடத்தில் இருப்பது நானும் வாசலில் காவல்காரரும் மட்டுந்தான்.

கல்யாணம், காதுகுத்து, புதுமனை எல்லாமே ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேடி வரும். எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ, என் ஞாயிற்றையே குறி வைப்பார்கள். முதலில் சில வருடங்கள் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். பிறகு கேலி செய்தார்கள், கம்பனிக்கே தாலி கட்டிவிட்டான் என்றார்கள். நான் கல்யாணம் கட்டாதவன் என்பதால் அந்தக் கேலி நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அழைப்பதை விட்டுவிட்டார்கள். கோபத்தையும் கேலியையும் தாங்கிக்கொண்டேன். அழைப்பு நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில் நாங்கள் இருந்த லயத்து வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. பதுளை டவுனில் கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். ஞாயிறு முடிந்து அறைக்குப் போனால், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்க ஆள் கிடையாது.

ஒரு நாள் தங்கச்சி வந்தாள். மொனராகலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, கொண்டுவந்த தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து, முறைப்படி அழைத்தாள். மகளுக்குக் கல்யாணம். ஒரே மகள். நான் ஒரே தாய்மாமன்.

"புள்ளய கையப் புடிச்சு மணவறைக்கு நீங்கதாண்ணே கூட்டிட்டு வரணும்" என்றாள்.

திகதியைக் கேட்டேன். என் ஞாயிறேதான். தங்கச்சிக்கும் அது தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பார்த்த முகூர்த்தம், மாற்ற முடியவில்லை என்றாள். அந்தப் பிள்ளை வயதுக்கு வந்தபோது நடந்த சடங்குக்கும் நான் போகவில்லை. என் தங்கச்சி அதைச் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது. வருவேன் என்றேன். வானொலியில் மழை அறிவிப்புக் கேட்கிறவள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த ஒரு நாளுக்கு ஆள் தாருங்கள் என்று கொழும்புக்கு எழுதினேன். இந்த எந்திரம் தெரிந்த ஆள் இல்லை என்று பதில் வந்தது. அப்போதுதான் வேறு வழி யோசித்தேன். எந்திரம் என்னைத்தானே கேட்கிறது? திரையில் கேட்பதற்குப் பதில் போனில் கேட்கட்டும். கேள்வி குறுஞ்செய்தியாக மொனராகலைக்கு வரட்டும். நான் ஓர் எழுத்தை அனுப்புகிறேன், அது தன் வேலையைப் பார்க்கட்டும். பழைய மொழியில் இதைச் செய்யப்போனால் தலை நரைத்துவிடும், எனக்கு ஏற்கெனவே பாதி நரை. புது மொழிகள் இதற்கென்றே இருக்கின்றன. பைதான் என்கிற மொழியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே படிக்கிறார்கள். அதை இந்த எந்திரத்தில் ஏற்றிவிட்டால் போதும்.

மேலாளரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் புதிதாக எதிலும் கை வைக்க விரும்பாதவர். மாத நடுவில் முற்பணக் கணக்கு ஒன்று ஓடும், அதில் சோதித்துக் காட்டு, சரியாக வந்தால் போ, வராவிட்டால் கல்யாணத்தை மறந்துவிடு என்றார்.

அந்தப் பெட்டிக்குள், பழைய நிரல்கள் வாழும் பெரிய வீட்டை ஒட்டி, வேறு மாதிரிக் கட்டப்பட்ட ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. புது மொழிகள் குடியேறுவதற்கென்று எந்திரத்தைச் செய்தவர்கள் விட்டுவைத்த இடம். எங்கள் எந்திரத்தில் அதை யாரும் திறந்ததே இல்லை. எந்திரத்தை இணையத்தோடு நேராகச் சேர்க்கக் கூடாது என்பது கொழும்பின் கட்டளை. அதனால் என் அறையில் இருந்தபடி மடிக்கணினியில் பைதானுக்கு வேண்டிய நிரல் பொதிகளை எல்லாம் இறக்கி, மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டியிருந்தது.

முதல் பொதி ஏறவில்லை. இன்னொன்று வேண்டும் என்றது. அதைக் கொண்டுபோனேன், அதற்கு வேறு இரண்டு வேண்டுமாம். கல்யாணப் பத்திரிகை வைப்பது மாதிரிதான். ஒருவருக்கு வைத்தால் அவர் சம்பந்திக்கும் வைக்க வேண்டும், சம்பந்திக்கு வைத்தால் அவர் சகலைக்கும் வைக்க வேண்டும். இப்படியே அறைக்கும் அலுவலகத்துக்கும் நடந்தேன். ஒரு வழியாக எல்லாரும் வந்து சேர்ந்தபோது, பைதான் எந்திரத்துக்குள் உட்கார்ந்தது. ஆனால் கூப்பிட்டால் வரவில்லை. அது எந்தப் பாதையில் இருக்கிறது என்று எந்திரத்துக்குச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். வந்தது. பிறகு அது எழுதியதைப் பழைய நிரல்கள் வாசித்தால் எல்லாம் கிறுக்கலாக வந்தது. பழைய வீட்டில் எழுத்துகளுக்கு ஒரு எண் வரிசை, புதுக் குடிக்கு வேறு எண் வரிசை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

அலுவலகத்தில் எல்லாரும் என்னோடு நன்றாகத்தான் பேசுவார்கள். தேநீர் குடிக்கக் கூப்பிடுவார்கள். ஆனால் எழுத்து வரிசை உதைக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? இணையத்தில், இந்த வகை எந்திரக்காரர்கள் கூடும் ஒரு பக்கத்தில் என் சிக்கலை எழுதிவைத்தேன். எந்த நாடு, எத்தனை வயது என்று தெரியாத ஒருவர் இரண்டு வரியில் பதில் எழுதினார். அந்த இரண்டு வரியால் எல்லாம் சரியாகிவிட்டது. நன்றி என்று எழுதினேன், அதற்கு அவர் பதில் எழுதவில்லை. வேலை முடிந்தால் போகிறவர்தானே. இருந்தும் சில நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன்.

எந்திரம் என் போனுக்கு முதல் செய்தி அனுப்பியது ஒரு மத்தியான நேரத்தில். "பதில் வேண்டும்" என்று தமிழில் எழுதவைத்திருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு நாளும் ஒரு திரைக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது என்னைத் தேடி வந்து கேட்கிறது. கண் கலங்கிவிட்டது, அதை ஒளிப்பானேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. வாசலுக்கு வந்து காவல்காரரிடம் காட்டினேன். பெரகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெக்டரி வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். பிறகு, பதில் போட்டுடுங்க சார், பாவம் காத்திருக்குமே என்றார். போட்டேன்.

முற்பணக் கணக்கு ஓடிய நாளில் மேலாளர் சொன்னபடி அலுவலகத்தை விட்டு வெளியேறி என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு செக்ரோல் வரியை வேண்டுமென்றே தப்பாக வைத்திருந்தேன், எந்திரம் கட்டாயம் நின்று கேட்கும். ஐப்பசி மாதம். மத்தியானத்துக்குப் பிறகு வழக்கம்போல வானம் இருண்டு, இடி மின்னலோடு மழை கொட்டியது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மழை விட்டது. செய்தி வரவில்லை. அலுவலகத்துக்கு ஓடினேன். பச்சைத் திரையில் கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மேலாளர் திட்டவில்லை. அதுதான் சொன்னேனே என்கிற முகத்தோடு தோளில் தட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகு நிரலை வரி வரியாகப் பார்த்தேன். பிழை கிடைக்கவில்லை. காலையில் சோதித்தால் செய்தி வருகிறது, மறுநாள் காலையிலும் வருகிறது. பிறகு என்னதான் கோளாறு? எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் உண்மையிலேயே கல்யாணத்துக்குப் போக விரும்புகிறேனா, இல்லை, போகாமல் இருக்க ஒரு காரணத்தை நானே கட்டிக்கொண்டிருக்கிறேனா என்றுகூட யோசித்தேன். தனியாக இருப்பவனுக்கு இந்த மாதிரி யோசனைகளுக்குக் குறைவில்லை.

ஒரு பின்னேரம் வாசல் பக்கம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் நமுனுகுல மலைப் பக்கம் முதல் இடி உருண்டது. காவல்காரர் கதிரையிலிருந்து எழுந்தார். அவசரமில்லாமல் நடந்துபோய், சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றி, கம்பியை அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார். கட்டடத்துக்கே நல்லது செய்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அது எங்கள் இணையப் பெட்டியின் பிளக். எந்திரத்தின் செய்தியை அலுவலகக் கணினி ஒன்று வாங்கி வெளியே அனுப்பும் ஒரே வழி. அனுப்பும் நேரத்தில் வழி அடைத்திருந்தால் செய்தி தொலைந்துபோகும். சேர்வர் அறையில் பிளக் செருகும் துளை போதாததால் பல வருடங்களுக்கு முன் யாரோ அதை வாசல் சுவரில் செருகியிருந்தார்கள்.

"ஏண்ணே அத கழட்டுனீங்க?"

"இடி இடிக்குதுல்லங்க சார். எங்க லயத்துல ஒரே இடியில நாலு வீட்டு டீவி போயிருச்சு. நான் எப்பவும் கழட்டித்தான் வைப்பேன். மழ விட்டதும் போட்ருவேன்."

கத்தலாமென்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. லயத்தில் பிறந்த எவனும் கத்த முடியாது. இடிச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் இருப்பதைக்கூட விட்டுவிட்டு முதலில் பிளக்கைக் கழற்றத்தான் ஓடுவாள். அது மட்டுமா? சோதனை நாளன்று என் அறையில் இருந்த மின்விசிறி, கேத்தல், விளக்கு எல்லாவற்றையும் நானே கழற்றி வைத்துவிட்டுத்தான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு விளக்கிச் சொன்னேன். தங்கச்சி மகளின் கல்யாணத்தையும் சொன்னேன். அதுவரை நான் அலுவலகத்தில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது. அவர் ஆணியில் தொங்கிய கம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஏன் சார் மொதல்லயே சொல்லல என்று மட்டும் கேட்டார்.

மேலாளரைக் கெஞ்சி இன்னொரு சோதனை நடத்தினேன். அன்றும் மழை, அன்றும் இடி. காவல்காரர் பிளக்கைத் தொடவில்லை. செய்தி வந்தது, பதில் போனது, வேலை நடந்தது. மேலாளர் போய் வா என்றார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் இரவுக்குள் எல்லாத் தோட்டங்களின் கணக்கும் வந்து சேர வேண்டியிருந்ததால் சனிக்கிழமை நான் நகர முடியவில்லை. தங்கச்சிக்குப் போன் பண்ணி, காலையில் வந்துவிடுவேன், கட்டாயம் வருகிறேன் என்றேன். பின்னால் ஒரே மேளச் சத்தம். சரிண்ணே என்றாள். அது எந்தச் சரி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சம்பளக் கணக்கைக் காலையில் தானாகத் தொடங்கும்படி வைத்துவிட்டு, விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறினேன். மடியில் மாமன் சீர்ப் புடவையும் மாலையும். பசறை தாண்டி மண் சரிந்த ஓரிடத்தில் பஸ் நின்றது, பிறகு ஊர்ந்து போனது. மலை இறங்க இறங்கக் குளிர் விட்டு, ரப்பர் மரங்கள் வந்து, வெயில் முகத்தில் அடித்தது. மொனராகலையில் மண்டபத்துக்கு ஓடினேன். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. நான் பிந்தவில்லை.

மண்டப வாசலில் என் பெரியப்பா மகன் நின்றார். பட்டு வேட்டி, தலைப்பாகை, நெற்றி நிறையச் சந்தனம். ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தலைப்பாகையைத் தொட்டது.

முதல்நாள் நலங்கில் மாமன் சடங்கை அவர்தான் செய்திருந்தார். தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியவர்கள் பல நாளுக்கு முன்பே பேசி முடித்துவிட்டார்களாம். வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டால் பிள்ளை மணவறைக்குப் போகும் வழியில் நின்றுவிடுமே என்று யாரோ சொன்னாராம். அதில் என்ன தப்பு இருக்கிறது? நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவே வருவீங்கன்னு நெனைக்கலண்ணே" என்றாள். அழுதாள். கல்யாண வீட்டில் தாய் அழக்கூடாது என்று சொல்லி, புடவையையும் மாலையையும் அவளிடம் கொடுத்தேன். பரவாயில்லை என்றேன். ரத்துச் செய்ய முடியாது, திரும்பச் செய்யவும் முடியாது. மூன்றாவது வழிதான் மிச்சம்.

பெரியப்பா மகன் பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். நான் நாலாவது வரிசையில் நின்றேன். என்னைக் கடந்து போகும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னப் பிள்ளையில் இருந்த அதே கண். என்னை அடையாளம் தெரிந்ததா, ஒரு விருந்தாளியைப் பார்த்ததா என்று எனக்கு இன்னமும் தெரியாது.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். தாலி கட்டும்போதும், ஆசீர்வாதத்துக்கு வரிசையில் நின்றபோதும் கேள்வி வருமென்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வெளியே போக ஒரு காரணம் கிடைத்திருக்கும். எந்திரம் அன்று ஒன்றுமே கேட்கவில்லை. பின்னேரம் ஒரே ஒரு செய்தி வந்தது. வேலை முடிந்தது. அவ்வளவுதான். எத்தனையோ ஞாயிறுகளை அதன் பக்கத்திலேயே கழித்தவன் நான், அன்றைக்கு அதற்கும் நான் தேவைப்படவில்லை.

பந்தியில் இடமில்லை, அடுத்த பந்தி என்றார்கள். அடுத்த பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இடம் விட்டேன். அதற்கடுத்ததில் யாரோ பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றேன். சொந்தக்காரர்கள் கடந்து போனார்கள், எப்ப வந்தே என்று கேட்டவர்கள்கூடப் பதிலுக்கு நிற்கவில்லை. மேற்கே, மலைப் பக்கம், வானம் கறுத்திருந்தது.

அப்போது போன் அடித்தது. காவல்காரர்.

"சார், இங்க சரியான இடி. நான் கழட்டல. பக்கத்துலயே கதிரய போட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார். குரலில் பயம் இருந்தது. இடிக்குப் பயந்த மனிதர், என் பிளக்குக்குக் காவல் இருக்கிறார். வேலை எப்போதோ முடிந்துவிட்டது, கழற்றிவிடுங்கள் என்றேன். சரிங்க என்றார். கழற்றும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சாப்புட்டீங்களா தம்பி?"

அத்தனை வருடமும் என்னை அவர் சார் என்றுதான் கூப்பிட்டவர்.

"சாப்புட்டேண்ணே" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் பதுளை மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இல்லண்ணே" என்றேன். "இன்னும் சாப்புடல."